ஹைட்ரஜனுக்கு அடிமடை உண்டா?

தனிமங்கள் யாவற்றினும் எளியது ஹைட்ரஜன். நடுவே ஒரு புரோட்டான். அதனைச் சூழ்ந்து ஓர் எலெக்ட்ரான். அவ்வளவே அதன் குடும்பம். அண்டத்தில் மிகுதியாக உள்ளதும் அதுவே. இயற்பியலார் மிக நுணுகி அளந்து வைத்திருப்பதும் அதுவே. அத்தகைய அணுவுக்குள் இதுகாறும் எவரும் காணாத ஓர் ஆற்றல் நிலை மறைந்து கிடக்கிறது என்றும், அந்நிலைக்கு அணுவை இறக்கிவிட்டால் ஹைட்ரஜனை எரிப்பதால் பெறும் வெப்பத்தைப் போலப் பன்மடங்கு வெப்பம் பெறலாம் என்றும் 1991 முதல் ஒரு சாரார் கூறி வருகின்றனர். பெரும்பாலான இயற்பியலார் இதனை ஏற்றிலர். ஏற்போருக்குள்ளும் ஒற்றுமை இல்லை. அந்த நிலை எது, வெப்பம் எவ்வழியில் வருகிறது என்பதில் அவர்கள் ஒருவரை ஒருவர் மறுக்கும் விளக்கங்களைத் தருகின்றனர்.

தமிழ்த்துறை மலரில் இதற்கு இடமென்ன என்று சிலர் வினவலாம். இவ்வழக்கில் டிராம்பே, பெங்களூரு, சென்னை ஆகிய நம் நாட்டு நகரங்களுக்குப் பங்குண்டு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நடைமுறை சார்ந்தது. நீரிலிருந்து எரிபொருள் என்னும் பேச்சு தமிழகத்துக்குப் புதிதன்று. 1996-இல் மூலிகைப் பெட்ரோல் என்னும் செய்தியால் நாடே அலைந்ததைப் பெரியோர் மறந்திரார். நாம் இங்கு ஆராயும் பொருள் அதனினும் வேறானது. இதில் ஈடுபட்டோருள் தேர்ந்த அறிவியலாளர் பலர் உளர். ஆயினும் நாளை ஒருவர் ஊருக்குள் வந்து, ‘நீரிலிருந்து ஆற்றல் எடுக்கிறோம், பங்குத்தொகை தாருங்கள்’ என்று கேட்பாராயின், அவரிடம் முதலில் எதைக் கேட்பது என்பது படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

மதகும் தரைநிலையும்

தென்னேரியின் கரையில் நடந்து பழகியவர்க்கு ஆற்றல் நிலை என்பதை விளக்குதல் அரிதன்று. ஏரி நிறைந்திருக்கையில் நீர் மதகு வழியே இறங்கி வாய்க்காலில் ஓடுகிறது. இறங்கும்போதுதான் அதன் ஆற்றல் வெளிப்படுகிறது, தேங்கி நிற்கும்போதன்று. நீர்மட்டம் மதகின் அடியளவுக்குத் தாழ்ந்துவிட்டால், ஏரியில் இன்னும் நீர் இருந்தும் வயலுக்கு ஒரு சொட்டும் வாராது.

ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானும் இவ்வாறே மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்குகையில் ஆற்றலை ஒளியாக வெளிவிடுகிறது. ஆனால் ஏரி நீரைப்போல அது சிறுகச் சிறுக இறங்குவதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. 1913-இல் நீல்ஸ் போர் இப்படிகளைக் கணக்கிட்டார். எலெக்ட்ரானைப் புரோட்டானிடமிருந்து முற்றிலும் பிரிப்பதற்கு வேண்டிய ஆற்றல், முதற்படியில் 13.6 எலெக்ட்ரான் வோல்ட். இரண்டாம் படியில் 3.4, மூன்றாம் படியில் 1.51. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்குத் தாவும்போது எழும் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியை எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் காணலாம். முதற்படியையே தரைநிலை என்கிறோம். இதற்குக் கீழே படி இல்லை என்பது ஏற்கப்பட்ட கொள்கை.

ஏன் இல்லை? புரோட்டான் நேர்மின்னேற்றம் உடையது, எலெக்ட்ரான் எதிர்மின்னேற்றம் உடையது. ஒன்றையொன்று இழுக்கும்போது எலெக்ட்ரான் இன்னும் நெருங்கி ஏன் விழுந்துவிடுவதில்லை? ஏரி உவமை இங்கே முறிகிறது. ஏரியில் மதகுக்குக் கீழே நீர் உண்டு. கரையை வெட்டி இன்னும் தாழ்வாக ஓர் அடிமடை வைத்தால் அந்நீரும் இறங்கும். அணுவின் நிலை வேறு. எலெக்ட்ரானைச் சிறிய இடத்தில் அடைத்தால் அதன் இயக்க ஆற்றல் மிகுகிறது. இது குவாண்டம் இயற்பியலின் அடிப்படை. தரைநிலையில் எலெக்ட்ரானின் இயக்க ஆற்றல் 13.6 எலெக்ட்ரான் வோல்ட். நிலை ஆற்றல் பூச்சியத்துக்குக் கீழே 27.2; கூட்டினால் பூச்சியத்துக்குக் கீழே 13.6. இப்போது அணுவைப் பாதி அளவுக்குச் சுருக்குவதாகக் கொள்வோம். நிலை ஆற்றல் இரு மடங்காகிப் பூச்சியத்துக்குக் கீழே 54.4 ஆகும், இயக்க ஆற்றலோ நான்கு மடங்காகி அதுவும் 54.4 ஆகும். மொத்தம் பூச்சியம்! அதாவது, சுருக்கியதால் ஆற்றல் கிடைக்கவில்லை, நாம்தான் 13.6 கொடுத்திருக்கிறோம். மாறாக அணுவை இரு மடங்கு பெருக்கினால் மொத்தம் பூச்சியத்துக்குக் கீழே 10.2-இல் நிற்கும், அதற்கும் நாமே கொடுக்க வேண்டும். ஆக, தரைநிலை என்பது எவரோ வைத்த மதகின் உயரமன்று. இரு பக்கமும் மேடாக அமைந்த பள்ளத்தின் அடி.

மாணவர் இக்கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். இக்கொள்கை வெறும் நம்பிக்கையில் நிற்பதுமன்று. ஹைட்ரஜனின் முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையேயுள்ள ஒரு தாவலின் அதிர்வெண்ணை ஜெர்மனியின் கார்ஷிங் நகர ஆய்வாளர் 2011-இல் பதினைந்து இலக்கத் துல்லியத்தை எட்டுமளவுக்கு அளந்துள்ளனர். இத்தகைய அளவீடுகளோடு பொருந்தி நிற்கும் கொள்கையை அசைக்க வருபவர் அதே அளவு வலுவான சான்றைக் கொணர வேண்டும் என்பது நியாயமே.

பின்ன எண் படிகள்

அசைக்க முன்வந்தவர் அமெரிக்காவின் ரேண்டல் மில்ஸ். ஹார்வர்டில் மருத்துவம் பயின்ற இவர், 1991-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நிக்கல் எதிர்முனை, பொட்டாசியம் கார்பனேட் கரைந்த சாதாரண நீர், மின்சாரம், இவ்வளவே அமைப்பு. செலுத்திய மின்னாற்றலுக்கு மேற்பட்ட வெப்பம் வந்ததாக அவர் கூறினார். போர் வகுத்த படிகள் 1, 2, 3 என முழு எண்களால் குறிக்கப்படுவன. மில்சோ அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று எனப் பின்ன எண்களுக்கும் படிகள் உண்டு என்றார். அவ்வாறு சுருங்கிய அணுவுக்கு ஹைட்ரினோ எனப் பெயரிட்டார். அரைப்படியில் பிணைப்பாற்றல் 54.4 எலெக்ட்ரான் வோல்ட்; எனவே தரைநிலையிலிருந்து அங்கு இறங்கும் ஒவ்வோர் அணுவும் 40.8 தரும். ஹைட்ரஜனை எரித்து நீராக்கினால் அணு ஒன்றுக்குக் கிடைப்பது 1.48 மட்டுமே. ஏறத்தாழ இருபத்தேழு மடங்கு!

அப்படியானால் விண்மீன்களிலும் விண்வெளியிலும் உள்ள ஹைட்ரஜன் முழுவதும் எப்போதோ இறங்கியிருக்க வேண்டாவா என்பது இயல்பான வினா. தானாக இறங்காது, 27.2 எலெக்ட்ரான் வோல்ட் அளவையோ அதன் மடங்கையோ ஏற்றுக்கொள்ளும் வினையூக்கி அருகில் வேண்டும் என்பது மில்சின் விடை. பொட்டாசியம் அயனிகள் இரண்டு சேர்ந்தால் அக்கணக்கு 27.28 என வருகிறது. அதனாலேயே பொட்டாசியம் கார்பனேட் என்றார். ஒருமுறை அயனியான ஹீலியமும் 54.4 ஏற்கும் வினையூக்கி என்றார். ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்தே விண்மீன்கள் ஆகியுள்ளன என்பதை நினைவூட்டியோர்க்கு, அவ்வாறு இறங்கிய ஹைட்ரஜனே வானியலார் தேடும் கரும்பொருள் என்று மறுமொழி வந்தது. ஒவ்வொரு தடைக்கும் ஒரு விடை ஆயத்தமாக இருப்பதைக் கொள்கையின் வலிமை என்று சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை.

ஐரோப்பிய விண்வெளி முகமையைச் சார்ந்த ஆந்திரியாஸ் ராத்கே 2005-இல் மில்சின் சமன்பாடுகளையே எடுத்துச் சோதித்தார். அவர் கண்டது வியப்புக்குரியது. ஏற்கப்பட்ட குவாண்டம் கொள்கையில் ஹைட்ரினோவுக்கு இடமில்லை என்பது ஒருபுறமிருக்க, மில்ஸ் வகுத்த கொள்கையிலிருந்தே ஹைட்ரினோ பிறக்கவில்லை! மேலும் ஹைட்ரஜனின் மேற்படிகளைக்கூட அக்கொள்கை சரியாகத் தரவில்லை என்றும் அவர் எழுதினார்.

டிராம்பேயில் எழுந்த புதிர்

இதற்கு இரண்டாண்டு முன்னரே நம் நாடு இத்துறையில் காலூன்றியிருந்தது. 1989 மார்ச் 23 அன்று மார்ட்டின் ஃபிளைஷ்மனும் ஸ்டான்லி பான்சும், பல்லேடியம் முனையில் கனநீரை மின்னாற்பகுப்புச் செய்து அணுக்கரு இணைவு கண்டதாக அமெரிக்காவின் யூட்டாவில் அறிவித்தனர். அப்போது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தவர் திருநெல்வேலியில் பிறந்த பி. கே. ஐயங்கார். அவரும் மகாதேவ ஸ்ரீநிவாசனும் மையத்தின் பல பிரிவினரை இப்பணியில் இறக்கினர். கல்பாக்கத்திலும் அவ்வாண்டே சோதனை நடந்தது. டிராம்பேக் குழுவினர் நியூட்ரான்களும் டிரிட்டியமும் கண்டதாக அறிவித்தனர். ஆனால் டிரிட்டியத்தோடு ஒப்பிட நியூட்ரான் மிக மிகக் குறைவு. அறிந்த இணைவு வினையில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். இப்பொருந்தாமையைச் சிலர் புதுமையின் அடையாளம் என்றனர். சிலர் அளவைப் பிழையின் அடையாளம் என்றனர்.

பின்னர் மில்சின் அறிக்கை வந்ததும் ஸ்ரீநிவாசன் குழுவினர் நிக்கலும் சாதாரண நீரும் கொண்ட கலங்களைச் செய்து பார்த்தனர். 1992 அக்டோபரில் ஜப்பானின் நகோயாவில் நடந்த மாநாட்டில், மிகை வெப்பமும் சில கலங்களில் டிரிட்டியமும் கண்டதாகக் கூறினர். இங்கேதான் விளக்கங்கள் மோதுகின்றன. ஹைட்ரினோ என்பது எலெக்ட்ரானின் இறக்கம் மட்டுமே. அதனால் அணுக்கரு மாறாது. டிரிட்டியமோ அணுக்கரு மாறினாலன்றிப் பிறவாது. சுருங்கிய அணுக்கள் நெருங்கி ஓரளவு இணையக்கூடும் என ஒரு சிறு வழியை மில்ஸ் திறந்து வைத்ததுண்டு; எனினும் அவர்தம் வெப்பக் கணக்கு அதை நம்பியதன்று. ஆகவே டிராம்பேயின் டிரிட்டியம் மெய்யானால் மில்சின் விளக்கம் முழுமையற்றது. மில்சின் விளக்கமே போதுமானால் டிரிட்டியம் வேறெங்கிருந்தோ கலந்தது. அணு உலை வளாகத்தில் அளந்த டிரிட்டியம் பற்றி மாசுக்கலப்பு ஐயம் எழுவதும் இயல்பே.

ஆழ்நிலைக்காரர்

பெங்களூரில் பணியாற்றிய கே. பி. சின்காவும் அமெரிக்கரான ஆண்ட்ரூ மியூலன்பெர்க்கும் வேறொரு வழி கண்டனர். மில்ஸ் சொல்வதுபோலப் பல பின்னப்படிகள் இல்லை. ஆனால் சார்பியலைச் சேர்த்து எழுதிய சமன்பாட்டில், அணுக்கருவை ஒட்டினாற்போல மிக ஆழமான ஒரு நிலை உண்டு என்றனர். அங்கு எலெக்ட்ரானின் பிணைப்பாற்றல் ஐந்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டை எட்டும். அவ்வாறு குறுகிய அணு மின்னேற்றம் அற்றதுபோல் தோன்றி மற்றோர் அணுக்கருவை எளிதில் அணுகும்; இணைவும் நிகழும். டிரிட்டியத்துக்கும் இதில் இடமுண்டு.

இது கற்பனையன்று, சமன்பாட்டில் அப்படியொரு தீர்வு எழுதத்தக்கதே. பெல்ஜியத்தின் யான் நௌட்ஸ் 2005-இல் அதனைச் சுட்டினார். நார்மன் டோம்பி 2006-இல் மறுத்தார். அவர் மறுப்பின் சாரம் எவர்க்கும் விளங்கக் கூடியது. மின்னிழுப்பின் வலிமையைக் கணக்கில் குறைத்துக்கொண்டே போனால் பிணைப்பு தளர வேண்டும். இந்த விந்தைத் தீர்விலோ இழுப்பு மறைய மறைய எலெக்ட்ரான் மேலும் இறுகப் பிணைகிறது! கயிறு இற்றுப்போகப் போகக் கட்டு இறுகும் என்பதை எவர் ஏற்பர்? அன்றியும் நௌட்ஸ் எடுத்த சமன்பாடு தற்சுழற்சி இல்லாத துகளுக்கு உரியது. எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு. புரோட்டானைப் புள்ளியாகக் கொள்ளாமல் பருமனுள்ள பொருளாகக் கொண்டால் சிக்கல் தீரும் என்று மியூலன்பெர்க் தரப்பார் விடை கூறினர். அவர்கட்கு நாம் வைக்கும் வினா ஒன்றே: அணுவொன்று ஆழத்தில் விழுகையில் ஐந்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் வெளிவர வேண்டுமே, அந்தக் கதிர் எங்கே? மெல்ல மெல்லச் சிந்துகிறது என்பது அவர்தம் விடை.

ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க்கின் லெய்ஃப் ஹோம்லிட், ஹைட்ரஜன் அணுக்கள் 2.3 பிக்கோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும் அதிஅடர்நிலை உண்டு என்கிறார். சாதாரண மூலக்கூறில் அவ்விடைவெளி 74 பிக்கோமீட்டர். ஆலன் விடமும் லூயிஸ் லார்சனும் 2006-இல் தந்த விளக்கத்துக்குப் புதிய ஆற்றல் நிலையே வேண்டா. உலோகப் பரப்பில் கனத்த எலெக்ட்ரான் ஒன்று புரோட்டானோடு சேர்ந்து நியூட்ரானாகிறது என்பர். அதற்கு 7.8 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் எங்கோ ஓரிடத்தில் குவிய வேண்டும். மேசைமேல் வைத்த மின்கலத்தில் அது எவ்வாறு குவியும் என்பதே இவ்விளக்கத்தின் முள்.

2011 பிப்ரவரியில் குளிர்நிலை இணைவு பற்றிய பதினாறாம் பன்னாட்டு மாநாடு சென்னையில் கூடியது. 2015 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ், ஸ்ரீநிவாசனையும் மியூலன்பெர்க்கையும் சிறப்பாசிரியராகக் கொண்டு இத்துறைக்குத் தனிப்பகுதி ஒதுக்கியது. விளக்கங்கள் பெருகின, ஒன்றும் விலக்கப்படவில்லை. அறிவியலில் இது நற்குறியன்று.

வரவும் செலவும்

இத்தனை விளக்கங்களும் விளக்க முற்படுவது ஒரு மிகை வெப்பத்தை. அது உண்டா என்பதே முதல் வினா. நீரை மின்னாற்பகுப்புச் செய்கையில் செலுத்தும் மின்னாற்றலில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேறுகிறது. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் 3 வோல்ட் அழுத்தத்தில் ஓடினால் செலவு 3 வாட். அதில் 1.48 வாட் வாயுக்களோடு போய்விடும். மேலே கண்ட அதே 1.48 இங்கும் வருகிறது. எஞ்சிய 1.52 வாட் வெப்பமாகக் கலத்தில் நிற்க வேண்டும். இப்போது, வாயுக்களில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறாமல் கலத்துக்குள்ளேயே மீண்டும் கூடி நீராகிவிட்டால்? மேலும் 0.49 வாட் வெப்பம் எழும், மொத்தம் 2.01 வாட். வாயு முழுவதும் போய்விட்டதாக எண்ணிக் கொண்டிருப்பவருக்கு 132 விழுக்காடு வெப்பம் கிடைத்ததாகத் தோன்றும். புதிய இயற்பியல் ஏதுமில்லை. வரவு ஒன்று ஏட்டில் ஏறவில்லை.

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டை நம் மாணவர் அறிவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவர்தம் உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்று அது விதிக்கிறது. அவர் நல்லவரா, கெட்டிக்காரரா என்னும் ஆராய்ச்சிக்குச் சபை போகவில்லை. கணக்கு முன்னே வர வேண்டும் என்றது. நாம் கேட்பதும் அவ்வளவே.

கணக்குக் கேட்கவும் பட்டது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர் 1995-இல் இத்தகைய கலங்களில் மிகை வெப்பத்தை எளிதாகக் கண்டனர்; இரு முனைகளுக்கிடையே வாயுக்கள் கலவாதவாறு தடுப்பு வைத்தவுடன் அவ்வெப்பம் மறைந்தது. 1996-இல் அமெரிக்க விண்வெளி முகமையான நாசாவின் லூயிஸ் மையம் மில்சின் பொட்டாசியம் கார்பனேட் கலத்தைச் சோதித்தது. 60 வாட் செலுத்தியபோது 11 வாட் வரை மிகையாகத் தோன்றியது. ஆனால் வாயுக்கள் உள்ளேயே கூடுவதால் அது வரக்கூடும் என்பதை விலக்க இயலவில்லை என அறிக்கை எழுதினர். இந்த அறிக்கையின் முன்பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவோர் இன்றும் உளர்.

மில்ஸ் அதன்பின் மின்னாற்பகுப்பை விட்டு வாயுக் கலங்களுக்கும் மின்பொறிக் கலங்களுக்கும் சென்றார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு ஓர் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அடுத்து வழங்கவிருந்ததை அலுவலகம் கடைசி வேளையில் நிறுத்தியது. 2002-இல் மேல்முறையீட்டு மன்றமும் நிறுத்தியது சரியே என்றது. பெருந்தொகை முதலீடு திரட்டிய அவர் நிறுவனத்தின் மின்னாக்கி இன்னும் சந்தைக்கு வரவில்லை. ஒளிநிறமாலையில் 22.8, 10.1 நானோமீட்டர் எல்லைகளைச் சான்றாக அவர் தரப்பு காட்டுகிறது. நிறமாலைச் சான்றில் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. தரைநிலைக்கும் அரைப்படிக்கும் இடையேயுள்ள 40.8 எலெக்ட்ரான் வோல்ட், 30.4 நானோமீட்டர் ஒளிக்குச் சமம். அயனியான ஹீலியம் தன் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு இறங்கும்போது தருவதும் அதே 30.4 தான். எனவே ஹீலியம் சிறிதேனும் கலந்த கலத்தில் அக்கோடு தெரிந்தால் அது எவருடையது என்று சொல்வதற்கில்லை.

கூகுள் நிறுவனத்தின் நிதியுதவியோடு பல பல்கலைக்கழகத்தார் 2015 முதல் குளிர்நிலை இணைவுச் சோதனைகளை மீண்டும் செய்து, 2019-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டனர். ஹைட்ரஜனோடு சூடேற்றிய உலோகத் தூள்களும் அவற்றுள் அடங்கும். செம்மையான வெப்பமானிகளை அவர்களே வடிவமைத்தனர். மிகை வெப்பம் எதுவும் காணப்படவில்லை. பல்லேடியத்தில் வேண்டிய அளவுக்கு ஹைட்ரஜனைச் செறித்து நிறுத்துவதே கடினமாக இருந்தது என்றும், அந்நிலையில் என்ன நிகழும் என்பது இன்னும் முற்றாகச் சோதிக்கப்படவில்லை என்றும் அவர்கள் எழுதியுள்ளனர்.